தள்ளிய சாய்வும் வரைந்த சாய்வும்

கேள்வி: ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்கு லோகோவும் பேனரும் செய்கிறேன். கடைக்காரர் "தடியா, சாய்வா, வேகமா இருக்கணும்" என்கிறார். ஃபியூச்சுரா போல்ட் ஒப்ளீக் போன்ற தடித்த, சாய்ந்த சான்ஸ்-செரிஃப் (நுனியில் குட்டிக் கோடு இல்லாத) எழுத்துருவின் குணம் என்ன? எங்கே எடுபடும், எங்கே எடுபடாது? கையில் இருக்கிற ஃபாண்ட்டில் போல்ட், இட்டாலிக் பட்டன் இரண்டையும் அழுத்தினால் போதாதா? கூடவே வரும் தமிழையும் அதே மாதிரி சாய்க்கலாமா?

பதில்:

பட்டனிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிக் கேள்வி தீர்ந்தது.

பட்டன் மேல் தப்பில்லை. ஃபாண்ட் குடும்பத்தில் போல்ட் இட்டாலிக் என்று ஒரு தனிக் கோப்பு இருந்து, அது உங்கள் கணினியில் ஏறியும் இருந்தால், பட்டனை அழுத்தியதும் மென்பொருள் அதைத்தான் எடுத்துக் கொடுக்கும். இல்லாதபோதுதான் வம்பு. "இல்லை" என்று சொல்லாமல் மென்பொருள் தானே ஒன்றைச் செய்து நீட்டிவிடும். போல்டுக்கு எழுத்தைச் சுற்றி ஒரு கோடு ஏற்றிப் பருக்க வைக்கும். இட்டாலிக்குக்கு எழுத்தின் தலையைப் பிடித்து வலது பக்கம் தள்ளும். இன்னும் மோசமான ஒன்றையும் அடிக்கடி பார்க்கிறேன். பட்டியலில் போல்ட் ஒப்ளீக்கையே தேர்ந்தெடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் மேலே இன்னொரு முறை இரண்டு பட்டனையும் அழுத்துவது. ஏற்கெனவே சாய்ந்தது குடித்தவன் மாதிரி சாயும்.

தள்ளினால் என்ன ஆகிறது என்று நீங்களே பார்க்கலாம். கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் இன்னொரு வட்டம் போட்டு நடுவை வெட்டி எடுங்கள். சைக்கிள் டயர் மாதிரி ஒரு தடித்த வளையம் கிடைக்கும். அதை ஃபியூச்சுராவின் ஆங்கில 'ஓ' என்று வைத்துக்கொள்வோம். (உண்மையில் ஃபியூச்சுராவின் 'ஓ'வும் காம்பஸில் போட்ட வட்டம் கிடையாது. கண்ணுக்கு வட்டமாகத் தெரியும்படி திருத்தப்பட்டது.) இப்போது ஸ்க்யூவில் (தலையைப் பக்கவாட்டில் தள்ளும் கட்டளை) 12 டிகிரி கொடுங்கள். வளையத்தின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்ததே, இப்போது அப்படி இருக்காது. வலது மேல் மூலையிலும் இடது கீழ் மூலையிலும் கோடு சுமார் 11 சதவீதம் பருத்திருக்கும். இடது மேல், வலது கீழ் மூலைகளில் 10 சதவீதம் மெலிந்திருக்கும். மெல்லிய எழுத்தில் 2 மில்லிமீட்டர் கோட்டுக்கு இது ஒன்றுமே இல்லை, யாரும் கவனிக்க மாட்டார்கள். தடித்த எழுத்தில் கோடு 20 மில்லிமீட்டர் என்றால் ஒரு மூலை 22, அடுத்த மூலை 18. இதையே 10 அடி பேனரில் பெரிதாக்கிப் பாருங்கள், காற்று இறங்கிய டயர் ரோட்டில் நிற்கிற மாதிரி இருக்கும்.

அடுத்து 'எஸ்' எழுத்தைப் பாருங்கள். அதன் முதுகு இடது மேலிருந்து வலது கீழே இறங்குகிறது. தள்ளும்போது அந்த முதுகு பருக்கும். 'இஸட்'டில் நடுக்கோடு எதிர்த் திசையில் ஓடுவதால் அங்கே மெலியும். பெரிய 'ஏ'யில் இடது கால் நீண்டு மெலிந்து படுத்துவிடும். வலது கால் பருத்து கிட்டத்தட்ட நேராக நிமிர்ந்துவிடும். ஒரே சொல்லில் 'எஸ்', 'ஏ', 'இஸட்' மூன்றும் வந்தால் ஆளுக்கொரு கனத்தில் நிற்கும். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. "ஏதோ லோக்கலா இருக்கு" என்று மட்டும் சொல்வார்.

எழுத்துரு வரைகிறவர் செய்வது இந்தக் கோளாறுகளை ஒவ்வோர் எழுத்திலும் திரும்ப சரிசெய்வதுதான். அவரும் முதலில் தள்ளித்தான் பார்ப்பார். அப்புறம் பருத்த மூலையைச் செதுக்கி, மெலிந்த மூலைக்குச் சதை போட்டு, 'எஸ்'ஸின் முதுகை இளைக்க வைத்து, 'ஏ'யின் இரண்டு காலையும் சமாதானப்படுத்துவார். போல்டும் அப்படித்தான். சரியாக வரைந்த போல்டில் படுக்கைக் கோடு நெட்டுக் கோட்டைவிடச் சற்று மெலிந்திருக்கும், ஏனென்றால் ஒரே கனத்தில் இருந்தால் படுக்கைக் கோடுதான் நம் கண்ணுக்குத் தடிமனாகத் தெரியும். வளைவு வந்து நேர்கோட்டில் சேரும் இடத்தில் மை தேங்கிக் கறுப்புப் புள்ளி மாதிரி ஆகாமலிருக்க அங்கே கோட்டை ஒடுக்குவார்கள். பட்டன் போடும் போலி போல்டுக்கு இந்த வேலை எதுவும் தெரியாது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு கனம் ஏற்றும். ஆங்கிலச் சின்ன 'இ'யின் கண் மூடிக்கொள்ளும், கூர்முனைகள் மழுங்கும்.

சரி, பட்டன் கதை முடிந்தது. குணத்துக்கு வருவோம்.

தடிமன், சாய்வு, செரிஃப் இல்லாத மொட்டை நுனி ஆகிய மூன்றும் இன்று ஒரே மெனுவில் பக்கத்து பக்கத்தில் இருக்கின்றன. பிறந்த இடம் மூன்றுக்கும் வேறு வேறு. சாய்வு வெனிஸிலிருந்து வந்தது. ஆல்டஸ் மனுஷியஸ் என்ற பதிப்பாளருக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய இட்டாலிக் எழுத்தில் 1501-ல் சிறிய கைப்புத்தகங்கள் வரத் தொடங்கின. முழுப் புத்தகமும் அந்த எழுத்திலேயே இருக்கும். படித்தவர்களின் வேகமான பேனா எழுத்தைப் பார்த்து வெட்டியது அது. தனிச் சொல்லை அழுத்திக் காட்டும் வேலைக்கு இட்டாலிக் வந்தது பிற்பாடு. தடிமன் 19-ம் நூற்றாண்டு விளம்பரச் சுவரொட்டியின் பிள்ளை. செரிஃப் இல்லாத அச்செழுத்து முதன்முதலில் 1816-ல் லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் தலைகாட்டியது, அதுவும் பெரிய எழுத்துகள் மட்டும். ஒன்று அறிஞரின் கையெழுத்து, ஒன்று சந்தைக் கூவல், ஒன்று கல்வெட்டின் தோரணை. இந்த மூன்றும் ஒரே எழுத்தில் வந்து சேர்ந்ததால்தான் அதன் குரலில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஃபியூச்சுராவை வரைந்தவர் பால் ரென்னர் என்ற ஜெர்மானியர். 1927-ல் பிராங்க்ஃபுர்ட்டின் பாவர் வார்ப்பகம் அதை வெளியிட்டது. வட்டம், நேர்கோடு, முக்கோணம் இவற்றை வைத்தே எழுத்தைக் கட்டிப் பார்த்தார். சின்ன 'ஏ' என்றால் ஒரு வட்டமும் அதன் வலது பக்கம் ஒரு குச்சியும். 'டி' (t) ஒரு சிலுவை. 'ஜே' கொக்கியே இல்லாத ஒரு கோடும் மேலே ஒரு புள்ளியும். 'யூ'வுக்கு வலது பக்கக் குச்சியின் வாலும் கிடையாது. பேனா பட்ட அடையாளமே இல்லாத எழுத்து இது. பேனா இல்லையென்றால் கையெழுத்திலிருந்து வந்த இட்டாலிக்கும் வர வழியில்லை. அதனால் ஃபியூச்சுராவில் இருப்பது நேர் எழுத்தையே சாய்த்து, கண்ணுக்குத் திருத்திய வடிவம். அதைத்தான் ஒப்ளீக் என்கிறோம். இட்டாலிக் என்றால் எழுத்தின் உருவமே மாறும். ஒப்ளீக் என்றால் உருவம் அதேதான், கோணம் மட்டும் மாறும்.

வித்தியாசம் புரிய கில் சான்ஸைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1928-ல் மோனோடைப் வெளியிட்ட எரிக் கில்லின் எழுத்து. அதுவும் சான்ஸ்-செரிஃப்தான். ஆனால் இட்டாலிக்குக்குப் போனதும் இரண்டு மாடி 'ஏ' ஒரு மாடியாகிவிடும். சின்ன 'பி'யின் (p) வயிற்றுக் கோடு குச்சியைத் தாண்டி இடது பக்கம் ஒரு சின்ன வால் நீட்டும். அங்கே பேனாவின் ஞாபகம் இன்னும் போகவில்லை. ஹெல்வெடிக்கா, யுனிவர்ஸ் இரண்டும் ஃபியூச்சுராவின் கட்சி, சாய்ந்த நேர் எழுத்துதான். அட்ரியான் ஃப்ரூட்டிகர் 1957-ல் கொண்டுவந்த யுனிவர்ஸில் சாய்வு முதலில் 16 டிகிரி இருந்தது. பின்னால் வந்த பதிப்புகளில் 12 ஆக இறங்கியது. ஹெல்வெடிக்காவும் 12. அந்த நாலு டிகிரியில் குணம் எவ்வளவு மாறுகிறது என்பதற்குப் பழைய யுனிவர்ஸ் அச்சுகளைத் தேடிப் பாருங்கள். 16 டிகிரியில் எழுத்து ஓடுகிறது, 12-ல் வேகமாக நடக்கிறது.

எது உசத்தி என்ற சண்டை பழையது. இட்டாலிக்கே வேண்டாம், நேர் எழுத்தைச் சாய்த்தால் போதும் என்று ஸ்டான்லி மோரிசன் 1926-லேயே எழுதினார், பிறகு அவரே அந்த வாதத்திலிருந்து இறங்கி வந்தார். ஃப்ரூட்டிகரின் பெயரில் உள்ள எழுத்துருவிலும் இதே இழுபறிதான். 2000-ல் வந்த ஃப்ரூட்டிகர் நெக்ஸ்ட்டில் அசல் இட்டாலிக் போட்டார்கள். 2009-ல் வந்த நோய ஃப்ரூட்டிகரில் மறுபடி ஒப்ளீக்குக்கே திரும்பினார்கள். நான் எந்தக் கட்சி என்று கேட்டால், புத்தகத்துக்கு இட்டாலிக், லோகோவுக்கு ஒப்ளீக்.

ஏன் அப்படி என்பதில்தான் இந்த எழுத்தின் குணமே இருக்கிறது. செரிஃப் எழுத்தில் ஓடும் பத்திக்கு நடுவே ஒரு சொல்லை இட்டாலிக்கில் போட்டால் உருவமே மாறுவதால் கண் உடனே பிடித்துக்கொள்ளும். ஒப்ளீக்கில் கோணம் மட்டுமே மாறுவதால் பத்திக்குள் அது அடங்கிப்போய்விடும். அழுத்தம் கொடுத்தீர்களா, அச்சு சற்றுக் கோணலா என்று வாசகர் யோசிக்க வேண்டியிருக்கும். அதைக் கண்ணுக்குக் கொண்டுவரத் தடிமன் வேண்டும். தடிமன் சேர்ந்ததும் இன்னொரு பிரச்சினை: பத்திக்கு நடுவே அது கத்துகிறது. மெதுவாகச் சொல்லவும் வராது, நடுவாந்தரமாகச் சொல்லவும் வராது. ஆக, போல்ட் ஒப்ளீக்குக்குப் பத்திக்குள் வேலை இல்லை. தனியாக, பெரிதாக, சில சொற்களுக்கு மட்டும் நிற்கும்போதுதான் அது தன் வேலையைச் செய்கிறது.

அப்படி நின்றபோது அது என்ன செய்யும் என்று காட்டியவர் பார்பரா க்ரூகர் என்ற அமெரிக்கக் கலைஞர். கலைக்கு வருமுன் காண்டே நாஸ்ட் நிறுவனத்தின் பெண்கள் பத்திரிகையில் பக்க வடிவமைப்பு செய்தவர். 1980-களில் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் குறுக்கே சிவப்புப் பட்டை போட்டு, அதில் வெள்ளை ஃபியூச்சுரா போல்ட் ஒப்ளீக்கில் "நீ", "என்", "நாம்" என்று பார்ப்பவரை நேராக விளிக்கும் வாக்கியங்களை வைத்தார். 1989-ல் வாஷிங்டனில் நடந்த பெண்கள் பேரணிக்கு அவர் செய்த சுவரொட்டியும் இந்தப் பாணியில்தான். கவனித்துப் பாருங்கள், வாக்கியம் பெரும்பாலும் ஏழெட்டுச் சொல்லைத் தாண்டாது. விளம்பரத்தின் குரலையே எடுத்து விளம்பர உலகத்தைப் பார்த்து அதட்டினார். இதையே அவர் டைம்ஸ் ரோமனில் போட்டிருந்தால் கவிதை வரி மாதிரி இருந்திருக்கும், அதட்டல் போயிருக்கும். நேர் ஃபியூச்சுராவில் போட்டிருந்தால் அரசாங்க அறிவிப்பு. சாய்வு வந்ததும்தான் அந்தப் பலகையிலிருந்து யாரோ உங்களை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்த மாதிரி ஆகிறது.

அடுத்த திருப்பம் வேடிக்கையானது. 1994-ல் நியூயார்க்கில் சுப்ரீம் என்ற ஸ்கேட்போர்டு கடை தொடங்கியது. சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளை ஃபியூச்சுரா ஹெவி ஒப்ளீக், ஒரே ஒரு சொல். பார்த்ததும் க்ரூகர் ஞாபகம் வராமல் இருக்காது. நுகர்வைக் கிண்டல் செய்யப் பிறந்த பாணி, டீ-ஷர்ட்டுக்கு வரிசையில் நிற்க வைக்கும் முத்திரையாகிவிட்டது. 2013-ல் அந்த நிறுவனம் தன் லோகோவைக் கிண்டல் செய்த ஒரு பெண்கள் உடை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டபோது, க்ரூகர் காட்டமாக ஒரு வரி எழுதி எல்லோரையும் கோமாளிகள் என்று தள்ளிவிட்டார். 2017-ல் நியூயார்க்கில் அவரே ஸ்கேட்போர்டும் தொப்பிச் சட்டையும் விற்கும் தற்காலிகக் கடை ஒன்றை ஒரு கலைப்படைப்பாகவே நடத்தினார். இதில் நமக்கு ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. அமெரிக்காவில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. ஃபாண்ட் கோப்பு என்ற மென்பொருளுக்கு உண்டு. வணிக முத்திரை என்ற வகையில் லோகோவுக்குப் பாதுகாப்பு வேறு. அதனால் ஃபாண்ட் கோப்பை முறையாக வாங்கிய யாரும் ஃபியூச்சுரா ஒப்ளீக் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் கடைக்குச் சிவப்புப் பெட்டியும் வெள்ளை எழுத்தும் போடாதீர்கள். வழக்கு வருகிறதோ இல்லையோ, கல்லூரிப் பையன்கள் பார்த்ததும் "டூப்ளிகேட்" என்பார்கள்.

உங்கள் கடைக்காரர் கேட்ட "வேகம்" எங்கிருந்து வருகிறது? இடமிருந்து வலம் படிக்கிறோம். வலது பக்கம் சாய்ந்த எழுத்து நாம் படிக்கும் திசையிலேயே முன்னால் குனிந்து நிற்கிறது, ஓட்டக்காரர் கோட்டில் நிற்கிற மாதிரி. காலணிப் பெட்டி, ரேஸ் கார், பைக் டேங்க், ஜெர்சி எல்லாவற்றிலும் இந்தச் சாய்வைப் பார்ப்பதற்கு அதுதான் காரணம். நைக்கியின் பழைய லோகோவில் அந்த டிக் மாதிரியான குறிக்கு மேலே நாலு பெரிய எழுத்து ஃபியூச்சுரா குடும்பத்து ஒடுங்கிய தடித்த ஒப்ளீக்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. தடிமன் இல்லாமல் வெறும் சாய்வு மட்டும் இருந்தால் வேகம் வரும், பலம் வராது. வாசனைத் திரவியத்துக்குச் சரி, கிரிக்கெட் மட்டைக்குச் சரிவராது. ஆனால் ஒரு எச்சரிக்கை: எல்லா விளையாட்டுக் கடையும் இதையே செய்வதால் உங்கள் கடை கூட்டத்தில் காணாமல் போகும் ஆபத்து உண்டு. கடை பெயரில் நல்ல எழுத்துகள் இருந்தால் மட்டும் இதை எடுங்கள். 'எஸ்', 'ஆர்', 'இ', 'கே' போன்றவை போல்ட் ஒப்ளீக்கில் அழகாகப் பாயும். 'ஐ', 'எல்', 'ஐ', 'எல்' என்று வரும் பெயர் விழப்போகிற வேலி மாதிரி இருக்கும்.

எங்கே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வரிக்கு மேல் போகிற எதற்கும் வேண்டாம். விலைப்பட்டியல், வாரண்டி விதிமுறை, முகவரி, தொலைபேசி எண் இவற்றுக்கு வேண்டாம். தடித்த எழுத்தில் எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் ஏற்கெனவே குறைவு, சாய்ந்ததும் 6-ம் 8-ம் 9-ம் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி ஆகிவிடும். டிஸ்லெக்ஸியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம்) உள்ளவர்களுக்கு எழுதும்போது இட்டாலிக்கைத் தவிருங்கள், அழுத்தத்துக்கு போல்ட் போதும் என்று பிரிட்டிஷ் டிஸ்லெக்ஸியா சங்கமே வழிகாட்டுகிறது. ஆறுதல், இரங்கல், மன்னிப்பு இவற்றுக்கும் இது ஆகாது. ஒரு முறை ஒரு கடையின் "நாளை விடுமுறை" அறிவிப்பைப் பார்த்தேன். தடித்த சாய்ந்த எழுத்தில், ஆச்சரியக்குறியோடு. உரிமையாளரின் தாயார் இறந்ததற்கான விடுமுறை அது. தள்ளுபடி விற்பனை பேனருக்குப் பயன்படுத்திய அதே கோப்பில் சொற்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இனி லோகோ செய்யும்போது கை வைக்க வேண்டிய இடங்கள்.

சாய்ந்த சொல்லைச் செவ்வகப் பெட்டிக்குள் வைத்தால் இடது மேலே ஒரு முக்கோண வெற்றிடமும் வலது கீழே இன்னொன்றும் விழும். மென்பொருளின் சென்டர் அலைன் சொல்லின் இரண்டு ஓரத்தையும் அளந்து நடுவில் வைக்கும், கண்ணுக்கு அது நடுவில் இருக்காது. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் என்ன என்பதைப் பொறுத்துக் கையால் ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். பெட்டியையும் சாய்க்கப் போகிறீர்களா, அப்படியானால் எழுத்தின் கோணமும் பெட்டியின் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்து 12 டிகிரி, பெட்டி 15 டிகிரி என்றால் பெட்டி எழுத்தைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். கணக்குக் கஷ்டமில்லை. 12 டிகிரிக்குப் பெட்டி 100 மில்லிமீட்டர் உயரம் என்றால் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட 21 மில்லிமீட்டர் வலது பக்கம் தள்ளியிருக்கும்.

இரண்டு வரி வந்தால் இடது ஓரத்தை நேராக அடுக்காதீர்கள். மேல் வரியின் தொடக்கத்திலிருந்து எழுத்தின் சாய்வுக்கோட்டையே கீழே நீட்டிப் பாருங்கள். கீழ்வரி அந்தக் கோட்டில் தொடங்கட்டும், அதாவது சற்று இடது பக்கம் தள்ளி. அப்போதுதான் இரண்டு வரியும் ஒரே உடம்பாகச் சாயும். நேராக அடுக்கினால் படிக்கட்டு உடைந்த மாதிரி ஒரு பல் தெரியும்.

எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை நெருக்கலாம், பெரிய அளவில் நெருக்கத்தான் வேண்டும். ஆனால் நேர் எழுத்தில் பழகிய கை இங்கே ஏமாறும். தலை வலது பக்கம் சாய்வதால் 'எஃப்', 'டி' (T) போன்ற எழுத்துகளின் மேல்கை அடுத்த எழுத்தின் தலையில் போய் முட்டும், கீழே மட்டும் இடம் மிச்சமிருக்கும். பின்னாலேயே நிமிர்ந்த அடைப்புக்குறியோ மேற்கோள் குறியோ வந்தால் மோதல் நிச்சயம். குறிகளும் சாய்ந்த கோப்பிலிருந்தே வரட்டும்.

அப்புறம் தமிழ். நம் அச்சு மரபில் இட்டாலிக் என்று ஒன்று இல்லை. நூல் பெயருக்கு மேற்கோள் குறி போடுவோம் அல்லது தடித்த எழுத்தில் போடுவோம். விண்டோஸின் லதா, நிர்மலா யுஐ இரண்டு தமிழ் எழுத்துருவிலும் நேர் எழுத்தும் போல்டும் உண்டு, சாய்வெழுத்துக் கோப்பு கிடையாது. வேர்டில் தமிழைச் சாய்த்தால் நீங்கள் பார்ப்பது பட்டன் தள்ளிய சாய்வுதான். ஆனால் கையால் வரைந்த சாய்வு நமக்குப் புதிதில்லை. பேருந்தின் நெற்றியில், லாரியின் பின்பலகையில், சுவர் விளம்பரத்தில் ஓவியர்கள் சாய்ந்த தமிழை எத்தனையோ அழகாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் நேர் எழுத்தைத் தள்ளவில்லை, சாய்வாகவே நினைத்து எழுதினார்கள். தூரிகை போகிற போக்கில் சுழி சுருங்கும், கால் நீளும், 'க'வின் கீழ்வளைவு முன்னால் எட்டிப் பார்க்கும்.

அதே சொல்லைக் கணினியில் தள்ளிப் பாருங்கள். 'கி', 'கீ' போன்ற எழுத்துகளின் மேல்வளைவு வலது பக்கம் சாய்ந்து அடுத்த எழுத்தின் தோளில் கை போடும். தடித்த எழுத்தில் புள்ளி ஏற்கெனவே பருத்திருக்கும், 'ண்', 'ஞ்' மேல் அது எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'ண', 'ஐ', 'இ' இவற்றின் சுழிகளுக்குள் வெள்ளை இருக்காது. ஆங்கில எழுத்தில் ஒரு 'ஓ'வின் நாலு மூலைக்குச் சொன்னேனே, 'ண'வில் அந்த மாதிரி வளைவு இரண்டு மூன்று அடுத்தடுத்து வருகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பருக்கும், ஒரு பக்கம் மெலியும்.

அதனால் நான் செய்வது இது. ஆங்கிலப் பெயரை ஒப்ளீக்கில் வைத்துவிட்டு, தமிழை நல்ல தடித்த எழுத்துருவில் நேராகவே நிறுத்துவேன். இரண்டும் சாய்ந்துதான் ஆக வேண்டும் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால், தமிழின் சாய்வை 8 டிகிரிக்குள் வைத்துக்கொள்வேன். தமிழ் எழுத்துகள் அகலமானவை, 8-லேயே 12 அளவுக்குச் சாய்ந்ததாகத் தெரியும் என்பது என் அனுபவம். தடிமனிலும் உச்சிக்குப் போகாமல் ஒரு படி குறைத்துக்கொள்வேன். பட்ஜெட் இருந்தால் தமிழ்ப் பெயரை மட்டும் ஒரு ஓவியரிடம் கையால் எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து, டிரேஸ் எடுப்பேன். ஐந்தாறு எழுத்துதானே, அவர் அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுப்பது நீங்கள் கணினியில் இரண்டு நாள் நோடு (வளைவுப் புள்ளி) இழுப்பதைவிட நன்றாக இருக்கும்.

இணையத்துக்குப் போனால் ஒரு பொறி உண்டு. இணையப் பக்கத்தின் சுமையைக் குறைக்க 400 (சாதா), 700 (போல்ட்) என்று இரண்டு நேர் எழுத்துக் கோப்பை மட்டும் ஏற்றுவார்கள். பக்கத்தில் எங்காவது சாய்வு கேட்டால் உலாவி தானே தள்ளிக் கொடுத்துவிடும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் விதியில் ஒப்ளீக்குக்குக் கோணம் சொல்லாவிட்டால் 14 டிகிரி என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் லோகோவின் கோணம் அதுவாக இருக்காது. ஃபாண்ட்-சிந்தெசிஸ் என்ற பண்பை 'நன்' என்று போட்டுவிடுங்கள். கோப்பு இல்லாத இடத்தில் எழுத்து நேராகவே நிற்கும், எங்கே விட்டுப்போயிற்று என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

ஃபியூச்சுராவுக்குக் காசு கொடுக்க முடியாவிட்டால் ஜோஸ்ட் என்ற இலவச எழுத்துரு இருக்கிறது, ஃபியூச்சுராவைப் பார்த்துச் செய்தது; மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை சாய்வோடு கிடைக்கும். இந்தியன் டைப் ஃபவுண்ட்ரியின் பாப்பின்ஸும் இலவசம்தான். வட்டம் சார்ந்த வடிவம், ஒன்பது தடிமன், ஒவ்வொன்றுக்கும் சாய்வு. ஆனால் பாப்பின்ஸ் இப்போது எல்லா ஸ்டார்ட்-அப் விளம்பரத்திலும் வருவதால் எனக்குக் கொஞ்சம் அலுப்பு.

பாப்பின்ஸைச் சொன்னதற்கு இன்னொரு காரணம் அதில் ₹ இருப்பது. உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறியை அரசு 2010 ஜூலையில்தான் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் விற்ற ஃபாண்ட் கோப்புகளில் அது இருக்க வழியே இல்லை. பலருடைய கணினியில் காப்பி மேல் காப்பியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஃபியூச்சுரா அந்த வகை. நானே ஒரு தள்ளுபடி பேனருக்கு "₹499 மட்டும்" என்று போட்டு அனுப்பினேன். என் திரையில் எண் எல்லாம் தடித்துச் சாய்ந்து பாய்ந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் ₹ மட்டும் வேறொரு ஃபாண்ட்டிலிருந்து வந்து, நேராக, ஒல்லியாக, கூட்டத்தில் வழி தவறிய ஆள் மாதிரி நின்றது. நான் பார்த்தது ஃப்ளெக்ஸ் கட்டிய பிறகு, ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து. பழைய கோப்பை வைத்துத்தான் வேலை என்றால் ₹-ஐ நீங்களே வரைய வேண்டும். பெரிய 'ஆர்' எழுத்தை எடுத்து, நெட்டுக் குச்சியை நீக்கி, மேலே இரண்டு படுக்கைக் கோடு. படுக்கைக் கோடுகளின் கனத்தைப் பக்கத்தில் உள்ள 4-ன் படுக்கைக் கோட்டோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், நுனிகளையும் மற்ற எழுத்துகளின் கோணத்திலேயே வெட்டுங்கள்.

அச்சுக்கு அனுப்புமுன் எல்லா எழுத்தையும் கர்வ்ஸாக (ஃபாண்ட் தேவைப்படாத வரைகோடுகளாக) மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் உங்கள் ஃபாண்ட் இருக்காது, அவர்கள் மெஷினில் இருப்பது வந்து உட்காரும், யாராவது உதவி செய்வதாக நினைத்து போல்ட் பட்டனையும் இட்டாலிக் பட்டனையும் அழுத்திவிடுவார்கள். மாற்றிய பிறகு 'எஸ்' ஒன்றையும் ₹ ஒன்றையும் திரை நிறையப் பெரிதாக்கி ஒரு முறை பாருங்கள்.